எறும்புச் சாரையில் ஒரு கணக்கு வகுப்பு

அரூரிலிருந்து மொரப்பூர் வழியாகத் தருமபுரிக்குப் பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். சாலையில் வண்டி பெருகப் பெருக வேகம் குறையும். சந்தை நாளில் இன்னும் குறையும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் நகர்வதே பெரும்பாடு.

அதே சாலையோரத்துப் புளியமரத்தடியில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் கூட்டம்தான். கூட்டம் கூடும்போது எறும்பின் வேகம் என்ன ஆகிறது? குறைகிறதா, கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா? அன்றாடம் சாரையைத் தாண்டிப் போகிறவர்கள்கூட இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார்கள். 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த இயற்பியலாளர் தேபாஷிஷ் சௌத்ரி, விஸ்வேஷ குத்தல், ஜப்பானியரான கத்சுஹிரோ நிஷினாரி, ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் ஷாட்ஷ்னைடர் ஆகிய நால்வரும் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்களில் குத்தல் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் பேராசிரியரானார்.

உலக அளவில் பேசப்பட்ட ஆய்வு அது. ஆனால் அதன் அடிப்படை விதிகளை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். மொரப்பூர் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளைக்கு அது புரியும். அந்தப் பிள்ளை அதைத் தானே செய்துபார்க்கவும் முடியும். அப்படியிருந்தும் நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கும் பள்ளிச் சுவரோரம் போகும் சாரைக்கும் நடுவே எந்தப் பாதையும் போடப்படவில்லை. அந்தப் பாதையைப் போட்டாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் விதிகளைப் பார்ப்போம்.

எறும்பு போகும் தடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எறும்புதான் இருக்கலாம். முன்னால் உள்ள கட்டம் காலியாக இருந்தால் மட்டுமே எறும்பு நகரலாம். மொரப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் அவர்கள் ஊர் ஒரு ரயில் நிலையம். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டி சிக்னலுக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்பதை ரயிலடி ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எறும்புக் கணக்கின் முதல் விதி அதேதான்.

இந்த விதி எறும்புக்காகப் பிறந்ததும் அல்ல. 1968-ல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் என்ற மூவர், உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் விதத்தை விளக்க இதைப் பயன்படுத்தினார்கள். ஆர்.என்.ஏ. இழையின் மேல் வரிசையாக நகரும் ரைபோசோம்கள்தான் அவர்களுடைய ‘எறும்புகள்’. 1992-ல் நாகெல், ஷ்ரெக்கென்பெர்க் என்ற இருவர் இதே போன்ற கட்ட விதிகளைக் கொண்டு நெடுஞ்சாலை வாகன நெரிசலைக் கணக்கிட்டார்கள். ஒரே கணக்கு உயிரணுவிலிருந்து சாலைக்கும் அங்கிருந்து எறும்புப் புற்றுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை வகுப்பறைத் தரையில் செய்துபார்க்கப் புளியங்கொட்டை போதும். தருமபுரி மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? சாக்பீஸால் வட்டமாக 20 கட்டங்கள் போட்டு எண் எழுத வேண்டும். நான்கு கட்டங்களில் புளியங்கொட்டை வைக்க வேண்டும். எந்தக் கட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். பிறகு 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் படித்துவிட்டு, திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். வந்த எண்ணுள்ள கட்டத்தில் கொட்டை இருந்து, அடுத்த கட்டம் காலியாகவும் இருந்தால் கொட்டையை நகர்த்தலாம். இல்லையென்றால் ஒன்றும் செய்யக் கூடாது. நூறு சீட்டு எடுத்து முடிவதற்குள் மொத்தம் எத்தனை நகர்வு நடந்தது என்று எண்ண வேண்டும்.

நான்கு கொட்டை வைத்தால் சராசரியாக 17 நகர்வு வரும். பத்து வைத்தால் 26 வரும். பதினாறு வைத்தால்? கொட்டை அதிகம் என்பதால் நகர்வும் அதிகமாகும் என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். வருவது மறுபடி 17. கூட்டம் ஓரளவு வரை ஓட்டத்தைக் கூட்டுகிறது, அதற்கு மேல் குறைக்கிறது. ஏன் என்பதற்கு நிகழ்தகவுப் பாடமே பதில் சொல்லிவிடும். எடுத்த கட்டத்தில் கொட்டை இருக்க வாய்ப்பு 20-ல் 4. அடுத்த கட்டம் காலியாக இருக்க வாய்ப்பு 19-ல் 16. இரண்டையும் பெருக்கினால் 0.168. பதினாறு கொட்டைக்கு அதே எண்கள் இடம் மாறி நிற்கின்றன. அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது, ஆசிரியர் அங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசலாம். மொத்த நகர்வு ஏறி இறங்குகிறது. ஆனால் ஒரு கொட்டையின் வேகத்தை மட்டும் தனியாகப் பார்த்தால், கூட்டம் கூடக் கூட அது இறங்கிக்கொண்டேதான் போகிறது. ஓட்டம் வேறு, வேகம் வேறு. ஒரு மணி நேரத்தில் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் ஒரு வண்டியின் வேகமும் ஒன்றல்ல என்பது, பெரியவர்களின் விவாதங்களிலேயே பல நேரம் குழம்பிப்போகிற விஷயம்.

இதுவரை சொன்னது எதற்கும் பொருந்தும். எறும்பை எறும்பாக்குவது வாசனை. நடக்கும்போதே அது தரையில் ஃபெரோமோன் என்ற வேதிப்பொருளை இட்டுக்கொண்டு போகிறது. பின்னால் வருவது அதை மோப்பம் பிடித்துத் தொடர்கிறது. அந்த வாசனை காற்றில் கரைந்தும் போகிறது. சௌத்ரி குழு இந்த மூன்றையும் மூன்று எண்களாக்கியது. முன்கட்டத்தில் வாசனை இருந்தால் எறும்பு நகரும் வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் குறைவு. வாசனை ஒவ்வொரு நொடியும் கரைந்துபோக ஒரு வாய்ப்பு. வகுப்பறையில் இதற்கும் வழி உண்டு. கொட்டை நின்ற கட்டத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் புள்ளி இருந்தால் நேராக நகரலாம், இல்லாவிட்டால் காசு சுண்டித் தலை விழுந்தால்தான் நகரலாம். அவ்வப்போது ஒரு பிள்ளை சீட்டு எடுத்து, அந்த எண்ணுள்ள கட்டத்தில் கொட்டை இல்லாவிட்டால் புள்ளியை அழித்துக்கொண்டே வர வேண்டும்.

கணினியில் இதை ஓட்டிப் பார்த்தபோது சௌத்ரி குழுவுக்குக் கிடைத்த முடிவு அழகானது. வாசனை கரையும் வேகம் மிதமாக இருக்கும்போது, எறும்புகள் பெருகப் பெருக ஒரு கட்டத்தில் அவற்றின் சராசரி வேகம் கூடுகிறது. காரணம் எளிது. எறும்புகள் குறைவாக இருந்தால், முன்னே போனது விட்டுச்சென்ற வாசனை பின்னே வருவது எட்டுவதற்குள் காணாமல் போய்விடும். அது தடவித் தடவித்தான் வர வேண்டும். கூட்டம் சற்றுக் கூடினால் வாசனை புதிதாகவே கிடைக்கும், நடை விரைவாகும். இன்னும் கூடினால்தான் இடிபாடு தொடங்கி வேகம் குறையும். சாலையில் வண்டிகள் பெருகி வேகமும் கூடிய கதையை யாரும் கேட்டிருக்க முடியாது. எறும்புக்கு அது சாத்தியம் என்று கணக்கு சொன்னது.

கணக்கு சொன்னால் போதுமா? எறும்பு ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இந்த ஆய்வாளர்கள் மீது மரியாதை வருவது இந்த இடத்தில்தான். அவர்கள் கணினியோடு நின்றுவிடவில்லை. அலெக்சாண்டர் ஜான் என்ற ஆய்வாளரும் சேர்ந்துகொள்ள, இந்திய மண்ணில் லெப்டோஜெனிஸ் ப்ரொசெஷனாலிஸ் என்ற எறும்பின் இயற்கையான சாரைகளைப் படம்பிடித்து அளந்தார்கள். கறுப்பாக, பளபளப்பாக, கறையானை வேட்டையாடப் படைபோல் கிளம்பிப் போகும் எறும்பு அது. தென்னிந்தியாவில் பல இடங்களிலும் பார்க்கலாம். கையை வைத்தால் கொட்டிவிடும். 2009-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, அவர்களுடைய பழைய கணக்கிலிருந்தே ஓரளவு விலகி நின்றது. தடத்தில் எறும்புகள் எவ்வளவு நெருங்கினாலும் சராசரி வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை. நெரிசல் நிலை என்ற ஒன்றையே காண முடியவில்லை. எறும்புகள் சிறு சிறு அணிகளாகச் சேர்ந்து ஒரே வேகத்தில் நடந்தன. முன்னே போகும் எறும்பை எதுவும் முந்தவில்லை.

முந்துவதில்லை என்பதால் அளப்பதும் சுலபமாகிவிடுகிறது. தடத்தின் குறுக்கே 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கோட்டில் ஒரு பிள்ளை, இரண்டாவது கோட்டில் ஒரு பிள்ளை. எறும்பு கோட்டைத் தாண்டும் நேரத்தை இருவரும் எழுதிக்கொண்டே போக வேண்டும். எந்த எறும்பு எது என்று அடையாளம் வைக்கத் தேவையில்லை. யாரும் யாரையும் முந்தாததால், ஏழாவதாக நுழைந்ததுதான் ஏழாவதாக வெளியேறும். இரண்டு நேரங்களையும் கழித்தால் அது நடந்த நேரம். நுழைந்தவற்றின் எண்ணிக்கையிலிருந்து வெளியேறியவற்றைக் கழித்தால் அந்த நொடியில் உள்ளே இருக்கும் எறும்புகள், அதாவது அடர்த்தி. ஆய்வுக் குழு பயன்படுத்தியதும் சாராம்சத்தில் இந்த முறைதான். ஓர் ஆசிரியரின் கைபேசி இருந்தால் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தே எழுதிவிடலாம். கோட்டைத் தரையில் கிழித்து வாசனையைக் கலைக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துவிட்டால் வேலை இன்னும் சுத்தமாக நடக்கும்.

இன்னும் பத்தாண்டு கழித்து, 2019-ல், பிரான்சில் ஓட்ரி டுசுதூர் உள்ளிட்ட ஐவர் குழு எறும்புகளை வேண்டுமென்றே நெருக்கிப் பார்த்தது. 400 முதல் 25,600 வரை எறும்புகள் கொண்ட கூட்டங்கள். கூட்டுக்கும் உணவுக்கும் நடுவே 5, 10, 20 மில்லிமீட்டர் அகலத்தில் பாலங்கள். மொத்தம் 170 சோதனைகள். மனிதர்களின் போக்குவரத்தில், இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு நிரம்பியதும் ஓட்டம் தடுமாறத் தொடங்குகிறது. அர்ஜென்டினா எறும்புகளின் பாலத்தில் 80 விழுக்காடு நிரம்பியும் ஓட்டம் குறையவில்லை. மிதமான கூட்டத்தில் அவை நடையை விரைவாக்கிக்கொண்டன. மிக நெருங்கியதும், ஒன்றையொன்று தொட்டுத் தடுத்து நிற்பதைக் குறைத்துக்கொண்டன. பாலம் நிறைந்திருந்தால் புதிதாக ஏறாமல் சில ஒதுங்கின.

எறும்பைப் பார்த்து ஒழுக்கம் கற்றுக்கொள் என்று மேடையில் பேச இது வாகான செய்தி. அப்படிப் பேசுவது இந்த ஆய்வுகளுக்கு நியாயம் செய்வதாகாது. சாரையில் போகும் அத்தனையும் ஒரே புற்றைச் சேர்ந்தவை, ஒரே வேலைக்குப் போகின்றவை. ஒன்றோடு ஒன்று மோதினாலும் சேதம் இல்லை. நினைத்த மாத்திரத்தில் நிற்க முடிகிற எடை அவற்றுக்கு. தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றி இறங்கும் லாரிக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. அதன் ஓட்டுநரிடம் எறும்பின் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பதைவிட, சரிவையும் பிரேக்கையும் வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கணக்கிடுவதுதான் பயன் தரும். கணித மாதிரியின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. எந்தக் காரணம் எவ்வளவு கனமானது என்று அது பிரித்துக் காட்டுகிறது. முந்துவதை எடுத்துவிட்டால் என்ன ஆகும், இடைவெளியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். யாருக்கும் அடிபடாமல்.

எறும்பின் கணக்கில் வேகம் ஒரு பகுதிதான். வழி தேர்ந்தெடுப்பது இன்னொரு பகுதி. பெல்ஜியத்தில் ஜான்-லூயி டெனூபூர் குழுவினர், கூட்டிலிருந்து உணவுக்கு இரண்டு கிளைப் பாலங்கள் வைத்தார்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைப் பாலத்துக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் அளந்து பார்க்கவில்லை. குட்டைப் பாலத்தில் போனவை முதலில் திரும்பி வந்ததால் அங்கே வாசனை முதலில் கனத்தது, அவ்வளவே. அது 1989. அடுத்த ஆண்டு, இரண்டு கிளைகளும் சம நீளமாக இருந்தால் அடுத்த எறும்பு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இதுவரை போன எறும்புகளின் எண்ணிக்கையோடு 20-ஐக் கூட்டி வர்க்கப்படுத்த வேண்டும். மறுபக்கத்துக்கும் அதே போல. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வாய்ப்பு வந்துவிடும். இடப்பக்கம் 20 எறும்புகள் போய், வலப்பக்கம் ஒன்றும் போகவில்லை என்றால், 1,600-ஐ 2,000-ஆல் வகுக்க வேண்டும். அடுத்தது இடப்பக்கம் போக 80 விழுக்காடு வாய்ப்பு. வர்க்கமும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இந்த ஆய்வுகளைப் பார்த்துத்தான் மார்க்கோ டோரிகோ 1992-ல் மிலானில் தன் முனைவர் பட்டத்துக்குக் கணினியில் எறும்புகளை ஓடவிட்டார். லாரிகள் எந்த வரிசையில் எந்தக் கடைக்குப் போனால் தூரம் குறையும் என்று கணக்கிடும் மென்பொருள்களில் அந்த முறை இன்று இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எறும்பாளர் டெபோரா கார்டனும், அங்கே கணினி வலையமைப்புகளை ஆராயும் பாலாஜி பிரபாகரும் 2012-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். பாலைநிலத்தில் விதை பொறுக்கும் எறும்புகள், உணவோடு திரும்புகின்றவை எவ்வளவு விரைவாக வருகின்றன என்பதைப் பொறுத்தே புதிதாக ஆள் அனுப்புகின்றன. இணையத்தில் தகவல் பொட்டலங்களை எவ்வளவு விரைவாக அனுப்புவது என்று முடிவு செய்யும் விதியும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது.

கருவி இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், தன் வீட்டுக் குளியல் தொட்டியில் சர்க்கரையை வைத்து, எறும்பு போன வழியெல்லாம் வண்ணப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். முதல் எறும்பின் வழி வளைந்து நெளிந்து கிடந்தது. பின்னால் வந்தவை போகப்போக அதை நேராக்கின. பல ஆண்டுகள் கழித்து, 1993-ல், ஆல்ஃபிரட் புரூக்ஸ்டீன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் அதற்கான கணித நிரூபணத்தை எழுதினார். ஒவ்வோர் எறும்பும் தனக்கு முன்னால் போவதை மட்டும் பார்த்து நடந்தாலே, வழி நேர்கோட்டை நெருங்கிவிடும். இன்னொருவர் வானியலாளர் ஹார்லோ ஷாப்லி. இரவெல்லாம் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் விண்மீன்களைப் பார்த்தவர், பகலில் அங்குள்ள சுவரோரம் ஓடிய எறும்புகளை நேரம் பார்த்து அளந்தார். வெயில் ஏற ஏற எறும்பின் ஓட்டம் விரைந்தது. ஓட்டத்தை வைத்தே வெப்பநிலையை ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் சொல்லிவிட முடிந்தது. 1920-ல் வெளிவந்த ஆய்வு அது. பால்வெளி மண்டலத்தின் அளவைச் சொன்ன மனிதருக்குத் தேவைப்பட்டது ஒரு கடிகாரமும் வெப்பமானியும் அளவுகோலும்தான்.

நம் பள்ளிகளில் கணக்கு இப்படி நடப்பதில்லை. கணக்கு புத்தகத்தில் இருக்கும், விடை புத்தகத்தின் கடைசியில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் சரி. ஒரு சூழ்நிலையைப் பார்த்து, எதைக் கணக்கில் எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்து, கணக்காக்கி, வந்த விடையை மறுபடி அந்தச் சூழ்நிலையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கணக்கையே திருத்துவதுதான் கணித மாதிரியாக்கம். என்.சி.இ.ஆர்.டி. 2006-ல் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் கொடுத்த இடம் பின்னிணைப்பு. அடுத்த ஆண்டு வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் பின்னிணைப்பு. தேர்வுக்கு வராத பக்கங்களுக்கு வகுப்பறையில் என்ன கதி என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் புள்ளியியலும் நிகழ்தகவும் இருக்கின்றன. சராசரி, இடைநிலை அளவு, திட்ட விலக்கம் எல்லாம் பிள்ளைகள் போடுகிறார்கள், நன்றாகவே போடுகிறார்கள். போடுவது யாரோ கொடுத்த எண்களுக்கு. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, அளந்தபோது எங்கே தவறியிருக்கலாம், பத்து எறும்புகளை அளந்தால் போதுமா நூறு வேண்டுமா என்ற கேள்விகள் எழவே வாய்ப்பில்லை. தானே அளந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சராசரி காணும் பிள்ளைக்கு, திட்ட விலக்கம் என்பது எறும்புகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு என்பது கண்ணுக்குத் தெரியும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பொதுத்தேர்வு விழுக்காட்டை வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்தும் நாட்டில், எறும்பின் பின்னால் போகச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும். ஆகவே கேட்பது புதிய பாடம் அல்ல. புள்ளியியல் பாடத்தில் ஏற்கெனவே உள்ள பயிற்சிக் கணக்குகளில் இரண்டை எடுத்துவிட்டு, வகுப்பு தானே அளந்த எறும்பு எண்களை வைக்கலாம். நிகழ்தகவுப் பாடத்தில் பகடையும் சீட்டுக்கட்டும் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை வட்டம் ஒன்று வரட்டும். அதற்கு ஒரு பாடவேளை போதும், கூடுதல் மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த வானவில் மன்றம் இதற்குக் கைகொடுக்கும். அறிவியல், கணிதச் செயல்முறைகளைப் பள்ளிக்குப் பள்ளி எடுத்துச்சென்று செய்துகாட்டுவது அதன் வேலை. பெட்டியில் கருவி கொண்டுவந்து காட்டிவிட்டுப் பெட்டியோடு போய்விடுவதில் ஒரு குறை உண்டு. கருவி போனதும் சோதனையும் போய்விடுகிறது. எறும்புச் சாரைக்கு அந்தக் குறை இல்லை. ஒருமுறை அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் சனிக்கிழமை மாங்கொல்லையில் முசிறு எறும்பையும் பிள்ளைகள் விடமாட்டார்கள். கேழ்வரகு காயும் களத்தில் தானியம் தூக்கிப் போகும் எறும்புகளும் கணக்கில் வரும். சுமையோடு திரும்பும் எறும்பு வெறும் வாயோடு போகும் எறும்பைவிட மெதுவாக நடக்கிறதா என்று கேட்டுவிட்டு, விடைக்காகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

எல்லா எறும்பும் சாரை போவதில்லை என்பதையும் அவர்கள் கண்டுபிடிப்பார்கள். டயகாமா இண்டிகம் என்ற இந்திய எறும்பு கூடு மாறும்போது, வழி தெரிந்த ஒன்று இன்னொன்றைத் தன் பின்னாலேயே தொடவைத்துக் கூட்டிப்போகும். இரண்டிரண்டாகத்தான் போகும். கொல்கத்தாவின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் சுமனா அண்ணகிரியின் குழு இதை நுட்பமாக ஆராய்ந்து வருகிறது. வாசனைத் தடத்துக்கென்று போட்ட கணக்கை அந்த எறும்பின் மேல் அப்படியே ஏற்றினால் செல்லாது. மாதிரி என்பது எங்கே பொருந்தாது என்று தெரிவதும் பாடத்தின் பகுதிதான். தருமபுரிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, புத்தகத்தில் சொன்னபடி இந்த எறும்பு போகவில்லை சார் என்று வந்து நின்றால், ஆசிரியர் அதைத் தவறான விடை என்று எண்ணாமல் நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். சௌத்ரி குழுவினர் 2009-ல் செய்தது அதைத்தான்.

பள்ளி திறக்கும் ஜூனில் மொரப்பூரில் வெயிலுக்குக் குறைவிருக்காது. அக்டோபரில் மழை வந்துவிடும். ஒரே சாரையைக் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் அளந்து, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிவைத்தால், ஒரு பருவத்துக்குள் ஒரு வகுப்பிடம் நூற்றுக்கணக்கான எண்கள் சேர்ந்துவிடும். ஓசூர்ப் பக்கம் குளிர் அதிகம். அங்குள்ள பள்ளி ஒன்றும் இதே வேலையைச் செய்தால், இரண்டு அட்டவணைகளையும் ஒரே வரைபடத்தாளில் குறித்துப் பார்க்கலாம். மவுண்ட் வில்சன் எறும்புக்கு ஷாப்லி வரைந்த கோடு புளியமரத்தடி எறும்புக்கும் பொருந்துகிறதா என்று அப்போது தெரியவரும். மாவட்டக் கல்வி அலுவலகம் இதற்காக வாங்கித்தர வேண்டியது, பள்ளிக்கு ஒரு வெப்பமானி.